வேலையும் ஏசிசிஏ-வும்: வாரம் 20 மணி நேரம் எங்கிருந்து வரும்?

பிப்ரவரி 8, ஒரு வாசகரின் கேள்வி

ஜூன் தேர்வில் ஏசிசிஏ (கணக்காளர்களுக்கான சர்வதேசத் தகுதி) எஃப்.ஆர்., அதாவது நிதி அறிக்கைத் தாள், எழுதப் பதிவு செய்துவிட்டேன். முழுநேர வேலை, அக்கவுண்ட்ஸ் பிரிவில்தான். மார்ச் முதல் வாரம் தொடங்கி 12 வாரம் கிடைக்கிறது. வார நாட்களில் தினமும் 2 மணி நேரம், சனி ஞாயிறு தலா 5. ஆக வாரத்துக்கு 20, மொத்தம் 240 மணி நேரம். எக்ஸெலில் பாடவாரியாக வண்ணம் போட்டு அட்டவணையும் தயார். 240 போதுமா, இன்னும் கூட்ட வேண்டுமா?

பிப்ரவரி 9

கூட்ட வேண்டாம். போட்டிருப்பதே வராது.

என் முதல் எஃப்.ஆர். அட்டவணையிலும் வண்ணம் இருந்தது. வாரம் 18 மணி, 12 வாரம், 216 மணி நேரம். ரிசல்ட் வந்த பிறகு உண்மையில் உட்கார்ந்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன்: 97. மார்க் 43. தேற 50 வேண்டும்.

உங்கள் பெருக்கல் சரி. ஆனால் 12 வாரமும் ஒரே மாதிரி வாரம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அக்கவுண்ட்ஸில் இருக்கும் ஆளுக்கு மாதத்தின் முதல் வாரம் சொந்தமில்லை. மார்ச் தொடக்கத்தில் பிப்ரவரி குளோசிங், அதாவது முடிந்த மாதத்தின் கணக்கை முடித்து மூடுவது. ஏப்ரல் தொடக்கத்தில் மார்ச் குளோசிங், அது காலாண்டும் கூட, அதனால் இரண்டாவது வாரத்திலும் கால் வைக்கும். மே தொடக்கத்தில் இன்னொன்று. ஆக 12-ல் 4 வாரம் போச்சு. மீதி 8.

அந்த 8-லும் வார நாளில் 2 மணி நேரம் என்பது காகிதத்தில் மட்டும். நாள் முழுக்க ரீகன்சிலியேஷன் பார்த்துவிட்டு வந்து ராத்திரி பத்து மணிக்கு டிஃபர்டு டாக்ஸ் பக்கத்தைத் திறந்தால் கண் வரி மேல் ஓடும், தலைக்குள் ஒன்றும் இறங்காது. அதையும் நான் 2 மணி நேரம் என்றுதான் குறித்து வைத்திருந்தேன். நாலு நாள் தலா ஒரு மணி, சனி ஞாயிறு தலா மூன்று என்று வையுங்கள். வாரம் 10. மொத்தம் 80.

240 எங்கே, 80 எங்கே என்று பதற வேண்டாம். இரண்டாவது தடவை 92 மணி நேரத்தில் 61 எடுத்தேன். இப்போது ஜூனுக்கு ஏ.ஏ. எழுதுகிறேன், அதாவது ஆடிட் தாள். அதே நாற்காலியில்தான் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

பிப்ரவரி 9, ராத்திரி

இன்னொன்று விட்டுப்போனது. ஏசிசிஏ தேர்வு வருடத்துக்கு நாலு தடவை: மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர். நாலுமே மாதத் தொடக்கத்தில். அதாவது நாலுமே ஏதோ ஒரு குளோசிங் வாரத்தின் மேல்தான் விழும். கணக்காளர்களுக்கான தேர்வைக் கணக்காளர்களுக்கு ஓய்வே இல்லாத வாரத்தில் வைத்திருக்கிறார்கள். காலாண்டு குளோசிங் அதில் வராது என்பது ஒன்றுதான் ஆறுதல், அதுவும் உங்கள் நிறுவனத்தின் காலாண்டு மார்ச், ஜூன் என்று முடிந்தால்.

தேர்வுக்குப் பணம் கட்டிய அன்றே லீவு கேளுங்கள். மே கடைசியில் கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 11

திருத்தம். 97 இல்லை, 104. பழைய ஷீட்டைத் திறந்து பார்த்தேன். கூட்டல் ஃபார்முலாவின் எல்லை கடைசி வாரத்துக்கு முந்தைய வரியோடு நின்றிருக்கிறது, 7 மணி நேரம் சேரவில்லை. ரேஞ்சை இழுக்க மறந்தவன் ஆடிட் தாள் எழுதப் போகிறான். சிரித்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 12

ஒருவர் நியாயமாகவே மடக்கியிருக்கிறார்: "முதல் தடவை 104-ல் 43, இரண்டாவது தடவை 92-ல் 61 என்கிறீர்கள். இரண்டாவது தடவை பாடம் ஏற்கெனவே பாதி தெரியுமே? இரண்டையும் எப்படி ஒப்பிடுவது?"

ஒப்பிட முடியாது, சரிதான். அந்த வாக்கியத்தை 9-ம் தேதி எழுதும்போது கொஞ்சம் பெருமை ஏறிவிட்டது. மொத்தம் 196 மணி நேரத்தில் எஃப்.ஆர். தேறினேன் என்பதுதான் நேர்மையான கணக்கு. ஆனால் முதல் 104 எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும். அதில் எண்பது மணி நேரமாவது வாசிப்பும் குறிப்பெடுப்பும்தான். நாலு வண்ணப் பேனா, மிக அழகான குறிப்புகள். கேள்வித்தாளைப் பார்த்தபோது எல்லாமே எங்கேயோ பார்த்த முகம், ஒன்றின் பேரும் வாயில் வரவில்லை.

ஏ.ஏ. எனக்குப் புதுத் தாள். அதனால் இந்தத் தடவை வரும் எண் சுத்தமாக இருக்கும். ஜூலையில் இங்கேயே எழுதுகிறேன், நல்லதோ கெட்டதோ.

பிப்ரவரி 15

"80 மணி நேரத்தில் என்னதான் செய்வது" என்று கேட்டவருக்கு.

தேர்வு 3 மணி நேரம், 100 மார்க். 180 நிமிடத்தை 100-ஆல் வகுத்தால் ஒரு மார்க்குக்கு 1.8 நிமிடம். 20 மார்க் கேள்விக்கு 36 நிமிடம், 2 மார்க் கேள்விக்கு மூன்றரை நிமிடம். எஃப்.ஆரில் 2 மார்க் கேள்விகள் 30, அதிலேயே 60 மார்க் போய்விடும். மீதி 40-க்கு இரண்டு பெரிய கேள்விகள்: நிதி அறிக்கை தயாரிப்பது, தயாரித்ததை வாசித்து விளக்குவது. கன்சாலிடேஷன், அதாவது தாய், துணை நிறுவனக் கணக்குகளை ஒன்றாகச் சேர்ப்பது, இந்தப் பக்கம் வரும், அல்லது அந்தப் பக்கம்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு மணிக்கணக்கில் திட்டம் போடுவதை விட்டேன். இப்போது என் ஷீட்டில் தேதிக்கு எதிரே இருப்பது மார்க், வாங்கியது இல்லை, அன்று போட்டுப் பார்த்த கேள்விகளின் மார்க். இன்று 20 மார்க் போட்டேன், நேற்று 14, முந்தாநாள் பூஜ்யம். களைத்த ராத்திரியில் ஒரு மணி நேரம் புத்தகத்தின் முன்னால் உட்கார்ந்து என்னை ஏமாற்றிக்கொள்ளலாம். 20 மார்க் கேள்வியைப் போடாமல் போட்டதாக ஏமாற்ற முடியாது. (மார்ச் 23-ஐயும் பாருங்கள். முடியும்.)

"பாடமே படிக்காமல் கேள்வி எப்படிப் போடுவது?" ஒரு தடவை படிக்கத்தான் வேண்டும், வேகமாக, குறிப்பெடுக்காமல். அன்றே அந்தப் பாடத்தில் பத்து மார்க்காவது போட்டுவிட வேண்டும், தப்புத்தப்பாக வந்தாலும். 2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களை வைத்துச் செய்த ஒரு சோதனை இருக்கிறது. ஒரு பத்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நன்றாகச் சொன்னார்கள். ஒரு தடவை வாசித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அவர்களை முந்திவிட்டார்கள். நம் தேர்வு ஐந்து நிமிடம் கழித்து இல்லையே.

பிப்ரவரி 16

காலையா, ராத்திரியா? காலை. எனக்கு. வேறு சொல்ல ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 22

ஒரே சிட்டிங்கில், அதாவது ஒரே தேர்வுப் பருவத்தில், இரண்டு தாள் எழுதலாமா என்று கேட்டிருக்கிறார்கள். விதிப்படி ஒரு சிட்டிங்கில் நாலு வரை எழுதலாம், வருடத்துக்கு எட்டு. விதி யாருக்காக எழுதப்பட்டது என்று பாருங்கள், முழுநேர மாணவரும் அதில் அடக்கம். வேலையில் இருப்பவர் அவசரப்படுவது பெரும்பாலும் "ஏழு வருடக் கெடு" என்று கேள்விப்பட்டு. அந்தக் கெடு கடைசிக் கட்டமான ஸ்ட்ராடஜிக் புரொஃபஷனல் தாள்களுக்கு மட்டும். அதில் முதல் தாள் தேறிய நாளிலிருந்துதான் கடிகாரம் ஓடும். எஃப்.ஆர்., ஏ.ஏ., எஃப்.எம். (நிதி மேலாண்மை) எல்லாம் அதற்குக் கீழ்ப்படி, அங்கே கடிகாரம் இல்லை.

13 தாள், வருடத்துக்கு நாலு வாய்ப்பு, தடவைக்கு ஒன்று என்றாலே மூன்று வருடத்துக்குச் சற்று மேல். சில தாள்களிலிருந்து விலக்கு கிடைத்தவர்களுக்கு இன்னும் குறைவு. உறுப்பினராக எப்படியும் 36 மாத வேலை அனுபவம் காட்ட வேண்டும், அது நமக்குத் தானாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. வேலையில் இருப்பதில் அந்த ஒரு லாபம் உண்டு. ஒன்று ஒன்றாக எழுதுங்கள்.

மார்ச் 8

குளோசிங் வாரம். திங்கள் முதல் இன்று வரை: 0, 0, 4, 0, 0, 6.

இதைப் பூஜ்யம் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன், அதனால் மனசு கெடவில்லை. அந்த 4-ம் 6-ம் மேலே வந்த வரவு.

செத்த வாரத்துக்கென்று நான் ஒரே ஒரு வேலை வைத்திருக்கிறேன்: தப்பு நோட்டைப் புரட்டுவது. போட்ட கேள்வியில் எங்கே மார்க் போனதோ அதை ஒரு வரியில் எழுதிவைக்கும் நோட்டு. விடையை எழுதுவதில்லை, தப்பை மட்டும். போகும் வழியில் ஐந்து நிமிடம் போதும். எஃப்.ஆர். நோட்டில் அதிகம் வந்த வரி இது: "லீஸ், தவணை முதலிலா கடைசியிலா என்று பார்க்கவில்லை." வருடத் தொடக்கத்தில் பாக்கி 50,000, வட்டி 10%, தவணை 12,000 என்று வையுங்கள். தவணை வருடக் கடைசியில் என்றால் வட்டி 5,000, முடிவில் பாக்கி 43,000. வருடத்தின் முதல் நாளே கட்டினால் 38,000-க்குத்தான் வட்டி, 3,800, முடிவில் 41,800. கேள்வியில் ஒரே ஒரு வார்த்தை வித்தியாசம். இதே வரி என் நோட்டில் ஐந்து இடத்தில் இருக்கிறது. ஐந்தாவது தடவை எழுதும்போது பேனாவை அழுத்திய அழுத்தத்தில் தாள் கிழிந்தது.

கன்சாலிடேஷன் தப்புகள் இரண்டுதான், மாறி மாறி. விற்றது துணை நிறுவனமா தாய் நிறுவனமா என்று பார்க்காமல் அன்ரியலைஸ்டு லாபத்தை (குழுவுக்குள்ளேயே விற்று, இன்னும் வெளியே போகாத சரக்கின் லாபம்) தாயின் கணக்கில் கழிப்பது ஒன்று. நடு வருடத்தில் வாங்கிய நிறுவனத்தின் லாபத்தை முழு வருடத்துக்கும் சேர்ப்பது இன்னொன்று. கேள்வி கேட்டவரே, உங்கள் நோட்டிலும் இவை வரும். வந்தால் சொல்லுங்கள்.

மார்ச் 9

வந்துவிட்டதாம். இரண்டும்.

மார்ச் 23

பிப்ரவரி 15-ல் "ஏமாற்ற முடியாது" என்று எழுதினேன் அல்லவா. என்னை நானே பிடித்துவிட்டேன்.

இதுவரை ஏ.ஏ.யில் 212 மார்க் போட்டிருக்கிறேன். நன்றாக இருக்கிறதே என்று பிரித்துப் பார்த்தால் 168 மார்க் பொத்தானை அமுக்கும் 2 மார்க் கேள்விகள். தட்டச்சு செய்து எழுத வேண்டிய பெரிய கேள்விகளில் மொத்தமே 44. தாளில் விகிதம் தலைகீழ்: 30 மார்க் அமுக்குவது, 70 மார்க் எழுதுவது. எனக்குப் பிடித்ததைப் போட்டு எண்ணிக்கையை ஏற்றியிருக்கிறேன். விற்பனை இலக்கை எட்ட மாதக் கடைசியில் சரக்கைத் தள்ளிவிடுபவர்களை நாம் என்னவெல்லாம் பேசுவோம்.

ஆக ஷீட்டில் இப்போது இரண்டு பத்தி: அமுக்கியது, எழுதியது. எழுதியது மட்டும்தான் இலக்குக் கணக்கில் சேரும். எஃப்.ஆர். எழுதுபவருக்கு இது இவ்வளவு கடுமையாக வேண்டாம், அங்கே 60 மார்க் அமுக்குவதுதான். ஆனால் 20 மார்க் கேள்வியைத் தள்ளிப்போடும் வியாதி எல்லாத் தாளுக்கும் பொது.

மார்ச் 30

எழுதியது 96 ஆனது. ஏ.ஏ.யில் என் தொல்லை வேறு. கணக்கு வரும், வார்த்தை வராது. "கடனாளர்களைச் சரிபார்க்க வேண்டும்" என்று எழுதினால் ஒரு மார்க்கும் இல்லை. எந்த ஆவணத்தை எடுத்து, எதோடு ஒப்பிட்டு, எதை நிரூபிக்க என்று மூன்றும் வேண்டும். பத்து வருடமாக வேலை செய்கிறேன், செய்வதை வாக்கியமாக எழுதச் சொன்னால் கை நிற்கிறது.

ஏப்ரல் 12

காலாண்டு. இரண்டு வாரம் முழுப் பூஜ்யம். திட்டத்தில் ஒரு வாரத்துக்குத்தான் பூஜ்யம் போட்டு இரண்டாவது வாரத்துக்கு 30 வைத்திருந்தேன். உங்களுக்கு 4 வாரத்தைக் கழிக்கச் சொல்லிவிட்டு என் அட்டவணையில் 3 மட்டும் கழித்திருக்கிறேன். உபதேசம் ஊருக்குத்தான்.

இது எனக்கு மட்டும் வரும் கோளாறு இல்லையாம். 1994-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று. ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரி பதில் 34 நாள். முடிக்க ஆனது 55-க்கு மேல். எல்லாமே தப்பாகப் போனால் எத்தனை நாள் என்றும் கேட்டார்கள். அதற்குச் சொன்ன நாளையும் தாண்டித்தான் பாதிப் பேருக்கு மேல் முடித்தார்கள். ஏற்கெனவே பட்டவர்கள்கூட அடுத்த தடவை அப்படி ஆகாது என்றே நம்புகிறார்கள். பழைய ஷீட்டில் உண்மையாக நடந்த எண் இருந்தும் நான் புதிதாக ஒரு 30-ஐ எழுதினேன் பாருங்கள்.

இப்போது பாக்கி 30 மார்க்கை என்ன செய்வது? முதல் எஃப்.ஆரில் பாக்கியை அடுத்த வாரத்தில் சேர்த்தேன். அந்த வாரம் வீங்கியது, அதுவும் நடக்கவில்லை, அது அதற்கடுத்த வாரத்துக்குப் போனது. மே மாதம் ஒரே வாரத்தில் 41 மணி நேரம் என்று ஷீட் காட்டியது. அதைப் பார்த்துவிட்டு ஷீட்டையே திறப்பதை நிறுத்தினேன். என்னைத் தோற்கடித்தது குளோசிங் இல்லை, அந்த 41.

அதனால் இந்தத் தடவை பாக்கியை ரைட் ஆஃப் செய்கிறேன். வராத கடன். திங்கள் முதல் பழைய வார இலக்கு, அதற்கு மேல் ஒரு மார்க் கூடாது.

ஏப்ரல் 13

"அப்படித் தள்ளிக்கொண்டே போனால் பாடம் விட்டுப்போகாதா?" விட்டுப்போகும். பாடத்தை மொத்தமாக விடாதீர்கள், ஆழத்தை விடுங்கள். சின்னக் கேள்விகள் சிலபஸின் எந்த மூலையிலிருந்தும் வரும், எனவே எந்தப் பாடத்தையும் தொடாமல் போக முடியாது. ஆனால் ஒரு பங்குக்கான வருமானக் கணக்கில் போனஸ் பங்குக்கான பின்னத்தை ஏழெட்டு விதமாகப் போட்டுப் பழக வேண்டியதில்லை. ஒரு விதம் போதும். மிச்ச நேரம் கன்சாலிடேஷனுக்கு.

ஏப்ரல் 27

ஞாயிறு. முழுத் தாள், மூன்று மணி நேரம், ஒரே மூச்சில், கணினியில். ஏசிசிஏ-யின் பயிற்சித் தளத்தில் தேர்வுத் திரை மாதிரியே இருக்கும். தாளில் எழுதிப் பழகியவர்கள் தயவுசெய்து அதில் ஒரு தடவையாவது போட்டுப் பாருங்கள்.

38.

தெரியாததால் போனது கொஞ்சம்தான். 30 மார்க் கேள்விக்கு 54 நிமிடம், நான் எடுத்தது 79. அபாயங்களைப் பட்டியலிடச் சொன்ன இடத்தில் பதினொன்று எழுதியிருக்கிறேன், கேட்டது எட்டு. அதிகமாக எழுதிய மூன்றுக்கு மார்க் கிடையாது. கடைசி 20 மார்க் கேள்வியில் நாலு வரி.

நேரத்தோடு போட்டுப் பழகுங்கள் என்று உங்களுக்குச் சொல்லிக்கொண்டே நான் வீட்டில் கடிகாரத்தைத் திருப்பி வைத்திருந்தேன் போல. இனிமேல் எழுதும் கேள்வி எதுவானாலும் மணி அடித்ததும் கை எடுத்துவிடுவது. பாதியில் நின்றால் நிற்கட்டும்.

மே 4

குளோசிங். 0.

மே 10

குளோசிங் முடிந்து இந்த வாரம் வெளி ஆடிட்டர்கள் வந்திருந்தார்கள், இடைக்கால வேலைக்கு. இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

இத்தனை வருடம் அவர்கள் வந்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். போன தடவை வந்த ஓர் இளம் ஆடிட்டர் கிடங்கின் கடைசி டெலிவரி சலான் நம்பரைக் கேட்டு மூன்று தடவை ஆளனுப்பினார். சின்ன விஷயத்துக்கு இவ்வளவா என்று முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தேன். இந்த வாரம் அதே கேள்வியை வேறொருவர் கேட்டபோது வாயைத் திறந்து, "கட்-ஆஃப் பார்க்கிறீர்களா?" என்றேன். விற்பனை சரியான காலத்தில்தான் பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பது அது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

அப்புறம் நான் வேலையைவிட அவரைத்தான் கவனித்தேன். ஒரு கட்டு சலானைக் கையில் எடுத்து அதிலிருந்து இன்வாய்ஸ், அதிலிருந்து லெட்ஜர் என்று போனார். மதியம் அதே வேலையைத் தலைகீழாகச் செய்தார்: லெட்ஜரில் ஒரு விற்பனையை எடுத்து, அதற்கு இன்வாய்ஸ், அதற்குச் சலான். ஒரே ஆவணங்கள், திசை மட்டும் வேறு. சலானிலிருந்து தொடங்கினால் அனுப்பிய சரக்கெல்லாம் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று தெரியும், ஏதும் விட்டுப்போயிருந்தால் மாட்டும். லெட்ஜரிலிருந்து தொடங்கினால் கணக்கில் இருக்கும் விற்பனை உண்மையில் நடந்ததா என்று தெரியும், பொய் விற்பனை மாட்டும். முதலாவது முழுமை, இரண்டாவது நிகழ்வு. ஏப்ரல் 27 தாளில் இதைத்தான் மாற்றி எழுதி 4 மார்க் விட்டேன். புத்தகத்தில் மூன்று தடவை வாசித்திருக்கிறேன். என் மேஜைக்கு எதிரே ஒருவர் கட்டைப் புரட்டுவதைப் பார்த்த பிறகு இனி மறக்காது.

இந்த நேரத்தை ஷீட்டில் எந்தப் பத்தியில் போடுவது? வேலை நேரத்தில் நடந்தது, மார்க்கும் இல்லை. போடவில்லை. ஆனால் உங்கள் தாளுக்கும் இது பொருந்தும். ஆபீஸில் லீஸ் இருக்கிறதா? அந்த ஒப்பந்தத்தை ஒருநாள் கேட்டு வாங்கி, தவணை முதல் நாளா கடைசி நாளா என்று பாருங்கள். வேலையும் படிப்பும் இரண்டு தனிப் பெட்டி என்று நினைத்துத்தான் பிப்ரவரியில் கணக்குப் போட்டேன்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நம் ஆபீஸில் செய்வதெல்லாம் சரியான விடை என்று நினைத்துவிடக் கூடாது. தேய்மானத்துக்கு எங்கள் வழக்கத்தைத் தேர்வில் எழுதினால் பூஜ்யம்தான் கிடைக்கும். ஏன் என்று விளக்கினால் எனக்கு வேலை இருக்காது.

மே 11

"படிப்பதை ஆபீஸில் சொல்லலாமா?" நான் முதல் தடவை சொல்லவில்லை. தோற்றால் எல்லாருக்கும் தெரியுமே என்று. அதன் விலை, லீவு கேட்கக் காரணம் இல்லாமல் போனது. தேர்வுக்கு முந்தைய நாள் ராத்திரி எட்டரை வரை ஆபீஸில் இருந்தேன். இந்தத் தடவை மேலாளரிடம் மட்டும் சொன்னேன். தோற்றால் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

மே 25

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: இதுவரை 71 மணி நேரம், முழுத் தாள் ஒன்றில் 52, பயமாக இருக்கிறது.

52 நல்ல இடம். இந்த வாரம் புதுப் பாடம் எதையும் திறக்காதீர்கள். தப்பு நோட்டு, பழைய கேள்விகளைத் திரும்பப் போடுவது, இன்னும் ஒரு முழுத் தாள், தூக்கம். தூக்கத்தை வெட்டி மார்க் வாங்க முடியாது, நான் முயன்று பார்த்த 43-ல் அதுவும் உண்டு.

என்னிடம்: எழுதியது 480, அமுக்கியது 390. இரண்டாவது முழுத் தாள் 51. லீவு இரண்டு நாள் கிடைத்தது, மூன்று கேட்டிருந்தேன்.

ஜூன் 6

எழுதினேன். கடைசிக் கேள்வியை முடித்தபோது இரண்டு நிமிடம் மீதி இருந்தது. வெளியே வந்ததும் போனில் குளோசிங் சம்பந்தமாக பதினாலு செய்தி.

ஜூன் 8

"ரிசல்ட் வரும் வரை அடுத்த தாளைத் தொடங்கலாமா?" ரிசல்ட் ஜூலை நடுவில். அதுவரை ஐந்து வாரத்துக்கு மேல். தொடங்காவிட்டால் செப்டம்பருக்கு ஏழு வாரம்தான் மிஞ்சும். தொடங்கி, இதில் தோற்றிருந்தால் இரண்டு தாள் கையில் நிற்கும். நான் முதல் இரண்டு வாரம் ஒன்றும் செய்வதில்லை, அப்புறம் எஃப்.எம். முதல் வாசிப்பை மட்டும் ஆரம்பிப்பேன். இதற்குச் சரியான பதில் என்று ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஜூலை 2

அரையாண்டு குளோசிங். எஃப்.எம். 0. சொன்னதற்காக எழுதுகிறேன்.

ஜூலை 15

57.

பிப்ரவரியில் தருகிறேன் என்ற எண்: 98 மணி நேரம். இந்தத் தடவை ஃபார்முலாவின் எல்லையை இரண்டு தடவை பார்த்துவிட்டேன். எழுதியது 560 மார்க், அமுக்கியது 450. மணி நேரத்துக்கு 10 மார்க்குக்குச் சற்று மேல். 1.8 நிமிடக் கணக்கில் அது 30 மணி நேர வேலைதான், மீதி 68 மணி நேரம் வாசிப்பும் தப்பைத் திருத்துவதும். இன்னும் வாசிப்புதான் அதிகம் தின்கிறது. அதை எப்படிக் குறைப்பது என்று இதுவரை பிடிபடவில்லை.

கேள்வி கேட்டவர் 64, 83 மணி நேரத்தில், முதல் தடவையே. என்னைவிட 15 மணி நேரம் குறைவு, 7 மார்க் அதிகம். அவர் அட்டவணையில் வண்ணம் இன்னும் இருக்கிறதாம். வண்ணத்தைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் திரும்பப் பெறுகிறேன்.

ஜூலை 16

செப்டம்பர் எஃப்.எம்.முக்குப் பணம் கட்டியாச்சு. இன்று காலையே போய் லீவு கேட்டேன். மேலாளர் காலண்டரைப் புரட்டி, செப்டம்பர் முதல் வாரத்தில் விரலை வைத்து, "போன தடவையும் குளோசிங் வாரம்தானே கேட்டீர்கள்?" என்றார்.